இடைவேளைக்குப் பிறகு பேய் ஏன் இளைத்துப் போகிறது?

கேள்வி இதுதான்: "சமீபத்தில் வந்த பேய்ப் படம், த்ரில்லர் எதையும் விடாமல் பார்த்துவிடுகிறேன். முதல் பாதியில் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இடைவேளைக்கு அப்புறம் கொட்டாவிதான் வருகிறது. எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை படங்களே அப்படித்தானா? உங்களை நிஜமாகவே பயமுறுத்திய படம் எது?"

வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் 'பூதகாலம்' பார்த்த அன்று ராத்திரி, ஹாலில் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போனேன். வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் அவர்கள் பார்த்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் சொல்லும் கொட்டாவி எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நான் கவனித்திருக்கிறேன். அநேகமாக எல்லாப் படத்திலும் ஒரே இடம். பேய் முழு உருவத்தில் நின்றதும் இடைவேளை விடுவார்கள். பாப்கார்ன் வாங்கி வந்து உட்கார்ந்தால் சாமியாரோ, மந்திரவாதியோ, தோட்டக்காரத் தாத்தாவோ வாயைத் திறப்பார். "இருபது வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல..." உடனே திரை முழுக்க மஞ்சள் வெளிச்சம். ஒரு திருவிழா, ஒரு பாட்டு, வெள்ளந்தியான ஒரு பெண், அவள் நிலத்தின் மேலோ அவள் மேலோ கண் வைத்த ஒரு பெரிய மனிதர். கொன்று கிணற்றிலோ சுவரிலோ புதைத்துவிடுவார்கள்.

அந்த நிமிடத்தோடு பயம் செத்துவிடுகிறது. இதுவரை அந்தப் பேய் யார், என்ன வேண்டும், அடுத்து யாரைத் தொடும் என்று எதுவும் தெரியாமல் இருந்தோம். இப்போது எல்லாம் தெரியும், அதோடு நாம் பேயின் கட்சியில் சேர்ந்தும்விடுகிறோம். பேய் வாதி, வில்லன் பிரதிவாதி, ஹீரோ வக்கீல். கிளைமாக்ஸில் தீர்ப்பு வரும், அதுவும் நமக்குச் சாதகமாகத்தான் வரும். ஜெயிக்கப் போகிற வழக்குக்காக நீதிமன்ற பெஞ்சில் காத்திருப்பவனுக்குக் கொட்டாவி வராமல் வேறென்ன வரும்?

இதில் நியாயமாக ஒரு படத்துக்கு விலக்கு கொடுக்க வேண்டும். 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் படத்தின் உயிரே ஃப்ளாஷ்பேக்தான். திருநங்கையாக சரத்குமார் வரும் அந்தப் பகுதியில்தான் தியேட்டர் அடங்கி உட்கார்ந்தது. முன்பாதியில் லாரன்ஸ் அம்மா இடுப்பில் ஏறிக்கொண்டு செய்த கூத்தெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் அன்று நாம் பயப்படவில்லை, அழுதோம். அது வேறு வேலை, அந்த வேலையை அந்தப் படம் சரியாகச் செய்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் கண்ணீரை நகலெடுக்கப் போய், பயத்தையும் தொலைத்தார்கள், கண்ணீரையும் தொலைத்தார்கள்.

ஏன் எல்லோரும் இதே அச்சில் வார்க்கிறார்கள் என்றால் காரணம் கதை அறைக்கு வெளியிலும் இருக்கிறது. நம் படத்துக்கு இடைவேளை கட்டாயம். கேன்டீன் வியாபாரம் அதில்தான் நடக்கிறது. ஆகவே கதையை நடுவில் ஒரு தடவை உடைத்தாக வேண்டும், உடைத்த பிறகு மறுபடி ஒட்டவைக்க ஏதாவது பெரிதாக வேண்டும். ஃப்ளாஷ்பேக் அதற்குச் சுலபமான பசை. இன்னொன்று சான்றிதழ். 'ஏ' வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, வெட்டி மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். சாட்டிலைட் காசை நம்பி எடுத்த காலத்தில் யார் அந்த வம்புக்குப் போவார்கள்? குடும்பத்தோடு வந்து உட்காரட்டும், நாலு காமெடியன்கள் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் ஓடட்டும், கடைசியில் அம்மா பாசத்தில் முடியட்டும். வியாபாரக் கணக்காக இதில் தப்பே இல்லை.

அஸ்வின் சரவணன் 2022-ல் நயன்தாராவை வைத்து 'கனெக்ட்' எடுத்தபோது, இடைவேளையே இல்லாத 99 நிமிடப் படமாகத் திட்டமிட்டார். படம் எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. பேய் பிடித்த பெண், வீடியோ காலில் பேயோட்டும் பாதிரியார் என்று வெளிநாட்டுப் பாணி அதில் கொஞ்சம் தூக்கல். ஆனாலும் எந்த எலும்பு முறிந்திருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே ஒரு கும்பிடு.

சரி, பேய்க்குக் காரணம் இருப்பதுதான் குற்றமா? இதை நெடுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்காரன் காரணம் சொல்லாமல் பயமுறுத்துகிறான், நாம் காரணம் சொல்லிக் கெடுக்கிறோம் என்று நண்பர்களிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். தப்பு. நம் பேய்கள் எல்லாமே காரணத்தோடு பிறந்தவை. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் பழி வாங்க வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னோடு வரமாட்டேன் என்கிறார்" என்று ஊர்ச் சபையில் வந்து நின்று அழுகிறாள். நீலிக் கண்ணீர் என்று நாம் சொல்வது அந்த அழுகையைத்தான். அவன் அலறுகிறான், இவள் மனுஷி இல்லை என்கிறான். எழுபது வேளாளர்களும் அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து, ராத்திரி அவளோடு ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். வாக்குத் தவறிய எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதுவும் வழக்குதான். பேய் சபையேறி வாதாடுகிற வழக்கு. ஆனால் இந்தக் கதையை எந்தப் பாட்டி சொன்னாலும் முதலில் கொலையைச் சொல்லிவிட்டுத்தான் சபைக்கு வருவாள். அவள் யார் என்று கேட்கிற நமக்குத் தெரியும், சபையில் இருக்கிற எழுபது பேருக்குத் தெரியாது. அவர்கள் நல்லவர்களாக, நியாயவான்களாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும்போது நம் அடிவயிறு கலங்குகிறது. தெற்கே நீலியை இசக்கியம்மனாகக் கும்பிடுகிற கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது தெரியும். கூடியிருக்கிற அத்தனை பேருக்கும் கதை மனப்பாடம். இருந்தும் அந்த இடம் வந்ததும் பெண்கள் குழந்தையை மடியில் இழுத்துக்கொள்வார்கள்.

ஆக, காரணத்தை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முன்னால் வைத்தால் அது வெடிக்கப் போகிற திரி. பின்னால் வைத்தால் வெடித்து முடிந்த பிறகு வருகிற போலீஸ் அறிக்கை. நம் படங்கள் பெரும்பாலும் அறிக்கை எழுதுகின்றன.

'மணிச்சித்ரதாழ்' 1993-ல் வந்தது. அதில் நாகவல்லியின் கதை கங்காவின் காதில் சீக்கிரமே விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கதை ஒரு பெண்ணுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுவதைத்தான் பார்க்கிறோம். நம்மூர் 'சந்திரமுகி'க்கும் மூலம் அதுதான். ரஜினி, வடிவேலு என்று எவ்வளவு மசாலா தூவினாலும் அந்த எலும்பு உள்ளே இருந்ததால்தான் ஜோதிகா கண்ணை உருட்டியதும் தியேட்டர் உறைந்தது.

இப்போது நீங்கள் கேட்ட படங்களுக்கு வருகிறேன். ட்விஸ்ட்டை உடைக்காமல் சொல்லப் பார்க்கிறேன், பழைய படங்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

என்னைப் பயமுறுத்தியது எது என்றால் யோசிக்காமல் சொல்வேன்: 'பூதகாலம்'. ராகுல் சதாசிவன் இயக்கி 2022 ஜனவரியில் நேராக ஓடிடியில் வந்த மலையாளப் படம். ரேவதி அம்மா, ஷேன் நிகம் மகன். ஒரு பாட்டி இறந்துபோகிறாள், அதோடு வீட்டில் இரண்டே பேர். அம்மாவுக்கு நெடுநாளாக மனச்சோர்வு. மகனுக்கு வேலை இல்லை. இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், பேசிக்கொள்வதில்லை. பேய் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் இருக்க நமக்கு மூச்சு முட்டுகிறது. மகனுக்கு ராத்திரியில் ஏதோ சத்தம் கேட்கிறது. சொன்னால் குடிக்கிறான், மூளை குழம்பிவிட்டது என்கிறார்கள். உறவுக்காரர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். கதவுக்குப் பின்னால் நிற்பது பேயா, பரம்பரையாக வரும் மனநோயா என்று படம் பாதிக்கு மேல் ஓடியும் தெரியாது. இரண்டில் எது என்றாலும் நமக்குப் பயமாகவே இருக்கிறது.

ரேவதிக்கு இந்தப் படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. எத்தனையோ நல்ல படங்களில் நடித்தவர், தன் மாநில விருதுக்கு ஒரு பேய்ப் படம் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது! அவர் கத்துகிற காட்சிகளைவிட, மகன் சொல்வதை நம்பலாமா வேண்டாமா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காட்சிகள்தான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கின்றன. வீட்டின் பழைய கதையைப் படம் சொல்கிறதா என்றால், சொல்கிறது. முன்பு குடியிருந்தவர்களைப் பற்றி ஒருவர் விசாரித்துப் போகிறார். கிடைப்பது துண்டு துண்டான தகவல்தான். மஞ்சள் வெளிச்சம் இல்லை, திருவிழா இல்லை. அந்தத் துண்டுகள் பயத்தைக் குறைக்காமல் கூட்டுகின்றன. இங்கே இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது, அவர்களும் தப்பவில்லை என்பது மட்டும்தான் நமக்குப் புரிகிறது. நீலி கதையில் செய்தது இதைத்தான். கதவைச் சாத்துவதற்கு முன்னால் காதில் சொல்லிவிடுவது.

அதே இயக்குநரின் 'பிரமயுகம்' 2024 பிப்ரவரியில் வந்தது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. மம்மூட்டி மாதிரி ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு, இடிந்த மனை ஒன்றில், ஓயாத மழையில் ஒரு முழுப் படம். பதினேழாம் நூற்றாண்டு மலபார். அடிமையாக விற்கப்படாமல் தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் பசியோடு அந்த மனைக்குள் நுழைகிறான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் போற்றி, அதாவது அந்த மனையின் மேல்சாதி எஜமானராக வரும் மம்மூட்டி, அவனை வரவேற்கிறார், சோறு போடுகிறார், பாடச் சொல்கிறார். வெளியே போகத்தான் வழியில்லை. ஒரு கட்டத்தில் இருவரும் பகடை ஆடுகிறார்கள். பாணனிடம் பந்தயம் வைக்கப் பணமில்லை. ஆகவே அவனுடைய காலத்தையே பந்தயமாகக் கேட்கிறார் போற்றி. தலை வெட்டுவது, கண் பிதுங்குவது எதுவும் அந்த வரி போல என்னைத் துளைக்கவில்லை. சாதியில் கீழே இருப்பவனுடைய வாழ்நாள் மேலே இருப்பவனுக்குச் சூதாட்டக் காசு என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

படத்தில் ஒரு குறையும் உண்டு. கடைசி அரை மணி நேரத்தில் மந்திரம், விளக்கு, யார் யாருடைய உருவத்தில் இருக்கிறார்கள் என்ற விளக்கங்கள் கொஞ்சம் நெரிசல். ஆனால் அந்த விளக்கத்தை யார் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்பதில் சந்தேகம் வைத்துக்கொண்டே போகிறார்கள். சொல்கிறவனுக்கும் ஒரு ஆசை இருக்கிறது. ஆகவே தெரிந்த பிறகும் நாம் எந்தக் கட்சியிலும் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. மம்மூட்டியின் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் இன்றைக்கு முடியாது.

ராகுல் சதாசிவனின் அடுத்த படம் 'டீயஸ் ஈரே', பிரணவ் மோகன்லால் நடித்து 2025 அக்டோபர் கடைசியில் வந்தது. சத்தத்தை வைத்து விளையாடுவதில் மூன்றில் இதுதான் முதலிடம், மனதில் தங்குவதில் மூன்றாவது இடம். தியேட்டரில் பார்த்திருந்தால் பாக்கியவான்.

தமிழுக்கு வருவோம். 'டிமான்டி காலனி' முதல் பாகம் 2015-ல் வந்தபோது எனக்கு மிகவும் பிடித்தது. சென்னையில் நிஜமாகவே அந்தப் பெயரில் ஓர் இடம் இருப்பதால் பாதிப் பயம் இலவசமாகக் கிடைத்தது. நாலு பசங்கள் அந்தப் பாழ்வீட்டுக்குப் போய் வருகிறார்கள், பிறகு தங்கள் சொந்த அறைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள். பாழடைந்த பங்களாவில் பேயைப் பார்ப்பது பழக்கம். பேச்சிலர் ரூமில், துணி காயும் கொடிக்குக் கீழே பார்ப்பது புதுசு. 2024 ஆகஸ்ட் 15-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அஜய் ஞானமுத்து பெரிதாக யோசித்தார். புத்த பிட்சு, புத்தகம், சாபக் கணக்கு என்று விதிக்கு மேல் விதி. திரைக்கதை சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது, நான் கை தட்டிய இடங்கள் உண்டு. ஆனால் விதி புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செஸ் ஆட்டம் பார்ப்பது போல இருந்தது. யோசித்துக்கொண்டே யாராலும் பயப்பட முடியாது.

'அரண்மனை 4' அதே ஆண்டு மே மாதம் வந்து நன்றாக ஓடியது. ஓடியதில் எனக்கு வருத்தமில்லை, சுந்தர் சி யாரையும் ஏமாற்றுவதில்லை, போஸ்டரில் இருப்பதைத்தான் பரிமாறுகிறார். அதில் ஒரு நல்ல விதை இருந்தது. 'பாக்' என்று அஸ்ஸாம் பக்கத்து நாட்டார் கதையில் வரும் நீர்ப் பிசாசு, யார் உருவத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடியது. அதற்கு நம் மேல் எந்தப் புகாரும் இல்லை, பசி மட்டும்தான். அண்ணன் உருவத்தில் வந்து கதவைத் தட்டினால் திறப்பதா வேண்டாமா? இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார வைத்திருக்கலாம். வைக்கவில்லை. யோகிபாபு வந்துவிட்டார்.

இந்தியில் 2024 மார்ச்சில் வந்த 'ஷைத்தான்' பார்த்திருப்பீர்கள். மாதவனும் ஜோதிகாவும் இருப்பதால் நம் வீடுகளில் நிறையப் பேர் பார்த்தார்கள். 2023-ல் வந்த குஜராத்திப் படம் 'வஷ்'தான் அதற்கு மூலம், முடிந்தால் அதைப் பாருங்கள். மகளாக ஜானகி போடிவாலா இரண்டிலும் அவரேதான். வழியில் சந்தித்த ஒருவன் வீட்டுக்குள் வந்து உட்காருகிறான். மகள் அவன் சொன்னதெல்லாம் செய்கிறாள், அழுதுகொண்டே செய்கிறாள். அப்பனும் அம்மாவும் அவனை அடிக்கவும் முடியாமல், வெளியே தள்ளவும் முடியாமல் நிற்கிறார்கள். முதல் ஒரு மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். இந்தியில் கடைசியில் அவன் குகைக்குள் போய் ஏன், எதற்கு, எத்தனை பெண்கள் என்று பிரசங்கம் செய்யத் தொடங்கினான் பாருங்கள், அங்கேயே கடித்த நகத்தைத் துப்பிவிட்டு எழுந்துவிட்டேன். மறுபடியும் அறிக்கை.

த்ரில்லர் பக்கம் நிலைமை கொஞ்சம் தேவலை. ஏனென்றால் அங்கே ஃப்ளாஷ்பேக்கைச் சந்தேகிக்கும் பழக்கம் நமக்குப் பழசு. 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' ஒரு பாட்டுகூட இல்லாத படம். முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். பிறகு ஒவ்வொருவரும் ஒரு ஃப்ளாஷ்பேக் சொல்கிறார்கள், ஒவ்வொன்றிலும் வேறொருவர் குற்றவாளியாகத் தெரிகிறார். 2012-ல் கார்த்திக் சுப்புராஜ் 'பீட்சா'வில் இதே ஆயுதத்தைப் பேய் மேல் வீசினார். அந்த வீட்டுக்குள் டார்ச் வெளிச்சத்தில் விஜய் சேதுபதி பட்ட பாடு எல்லாமே அவர் அவிழ்த்துவிட்ட கட்டுக்கதை என்று தெரிந்ததும் தியேட்டரில் எழுந்த சிரிப்பும் திட்டும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஏமாந்தோம், ஆனால் ஏமாந்த நேரம் முழுக்க நிஜமாகப் பயந்தோம்.

'ராட்சசன்' 2018-ல் வந்தது. பொம்மைத் தலை வைத்த பரிசுப் பெட்டியும் ஜிப்ரானின் இசையும் இன்னும் பலருக்குக் கனவில் வருகிறது. எனக்கும்தான். ஆனால் கொலைகாரனின் சிறுவயதைக் காட்டும் பகுதியில் எனக்குச் சங்கடம் உண்டு. ஒரு நோயால் உருவம் மாறிய சிறுவனைப் பள்ளியில் கேலி செய்தார்கள், ஆகவே கொலைகாரன் ஆனான் என்று கணக்கு முடிப்பது சோம்பேறித்தனம். அப்படி நோயோடு வாழ்கிற நிஜமான பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

2023-ல் வந்த 'போர் தொழில்' என்னைப் பொறுத்தவரை அதைவிடக் கட்டுப்பாடான படம். விக்னேஷ் ராஜாவுக்கு முதல் படம். திருச்சி, சிடுசிடுக்கும் மூத்த அதிகாரியாகச் சரத்குமார், புத்தகம் படித்துவிட்டு வந்த பயந்த பையனாக அசோக் செல்வன். டூயட் இல்லை. பாதிப் படத்தில் ஒரு வீட்டுக்குள் விசாரிக்கப் போகிறார்கள், அங்கே சரத்பாபு. நாற்பது வருஷம் நாம் பார்த்த அந்த மென்மையான, கண்ணியமான முகம். இவ்வளவு நாள் சேர்த்து வைத்த அந்தக் கண்ணியத்தையே பயமாக மாற்றிவிட்டார்கள். படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் காலமானார் என்பதால் பார்க்கும்போது வேறொரு கனமும் சேர்ந்துகொண்டது. இந்தப் படத்தில் ஒருவன் ஏன் கொலைகாரன் ஆனான் என்ற கேள்வி வருகிறது, பதிலும் வருகிறது. ஆனால் பதில் வந்த பிறகும் கதை முடியவில்லை, ஓடுகிறது. அதுதான் வித்தியாசம்.

'மகாராஜா' (2024) பற்றி எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். காணாமல் போன குப்பைத் தொட்டிக்காக ஒரு முடிதிருத்துபவர் போலீஸ் ஸ்டேஷனில் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறார். இயக்குநர் நித்திலன் அதில் செய்த காரியம் நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்தும். ஃப்ளாஷ்பேக் எங்கே தொடங்குகிறது என்றே நமக்குச் சொல்லவில்லை. மஞ்சள் வெளிச்சமும் இல்லை, "இருபது வருஷத்துக்கு முன்னாடி" என்ற குரலும் இல்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று நாமே தப்பாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் அடுக்கு கலையும்போது வில்லன் முகத்தில் தெரிவதுதான் நம் முகத்திலும். ஒரே ஒரு மனத்தாங்கல்: ஒரு பெண் குழந்தைக்கு நடந்த கொடுமையை ட்விஸ்ட்டுக்குத் தீனியாக்கியிருக்கிறார்கள். சாமர்த்தியம் எவ்வளவு இருந்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கை தட்ட வரவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் மலையாளத்தில் வந்த 'கிஷ்கிந்தா காண்டம்' அதற்கு நேர் எதிர், ஒருவர்கூடக் குரலை உயர்த்தாத படம். காட்டோரம் ஒரு வீடு, குரங்குகள், தேர்தல் நேரத்தில் ஒப்படைக்க வேண்டிய துப்பாக்கி காணவில்லை. வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற ராணுவக்காரர், விஜயராகவன். அவருக்கு நினைவு தப்பிக்கொண்டே இருக்கிறது, அதை யாருக்கும் தெரியாமல் மறைக்கிறார். எந்த மர்மப் படத்துக்கும் யாருக்காவது உண்மை நினைவிருக்க வேண்டும், அப்போதுதான் கடைசியில் சொல்ல முடியும். இங்கே தேடுகிறவருக்கே எதுவும் தங்குவதில்லை. புது மருமகளாக வந்த அபர்ணா பாலமுரளி அந்த வீட்டில் எதையோ மோப்பம் பிடிக்கிறார், கணவனாக ஆசிப் அலி எதையோ விழுங்கிக்கொண்டு நடமாடுகிறார். உண்மை தெரிந்ததும் நிம்மதி வரவில்லை, இனி இவர்கள் தினமும் எப்படி எழுந்து காபி குடிப்பார்கள் என்ற கலக்கம்தான் வந்தது. ராத்திரி ஒரு மணிக்கு முடிந்தது, அப்புறம் தூங்கவில்லை. பேய் இல்லாத படம்.

வெளிநாட்டில் ஒன்று மட்டும் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் வந்த 'வெப்பன்ஸ்'. ஒரு ராத்திரி சரியாக 2:17 மணிக்கு ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 குழந்தைகள் தத்தம் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு, கைகளை விரித்தபடி இருட்டுக்குள் ஓடிப் போகிறார்கள். வகுப்பில் ஒரு பையன் மட்டும் மிச்சம். கதையை டீச்சர், ஒரு அப்பா, ஒரு போலீஸ்காரர் என்று ஒவ்வொருவர் பக்கமாகச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் காரணமான ஆள் யார் என்று காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆள் எங்கிருந்து வந்தார், எப்படி அப்படி ஆனார் என்று ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. நம் ஊரில் எடுத்திருந்தால் அதற்கு அரை மணி நேரமும் ஒரு பாட்டும் ஒதுக்கியிருப்பார்கள்.

பக்கத்து விஷயம் ஒன்று. ஓடிடியில் பார்க்கிறீர்கள் என்றால் பாதிப் பழி உங்கள் டிவி ஸ்பீக்கர் மேலும் போக வேண்டும். பேய்ப் படத்தில் சத்தம் போடும் இடங்களை எந்த டிவியும் போட்டுவிடும். அதற்கு முன்னால் வரும் மௌனத்தில் ஃபேன் சுற்றுவது, தரை மரம் முனகுவது, பக்கத்து அறையில் யாரோ மூச்சு விடுவது, இதெல்லாம் டிவியில் காணாமலே போய்விடும். வசனம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவோம், உடனே ஒரு அலறல், பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். இரண்டாம் தடவை 'பூதகாலம்' பார்த்தபோது ஹெட்போன் போட்டுக்கொண்டேன். முதல் தடவை கேட்காத ஒரு சத்தம் சமையலறைப் பக்கம் கேட்டது. படத்தை நிறுத்தினேன். அப்புறமும் கேட்டது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ்தான் என்று கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

வரிசை கேட்டால், முதலில் 'கிஷ்கிந்தா காண்டம்', அடுத்து 'போர் தொழில்', பிறகு 'பிரமயுகம்'. 'பூதகாலம்' கடைசியில், வீட்டில் வேறு யாராவது விழித்திருக்கும் ராத்திரியாகப் பார்த்து.